டயருக்குள் ஒரு மங்குப் பால்



“இது டியூப் இல்லாத டயர். உள்ளே மருந்து ஊற்றியிருக்கிறது. இனி உங்கள் பிள்ளைக்குப் பஞ்சர் என்ற பேச்சே கிடையாது.” பட்டணத்துச் சைக்கிள் கடை ஒன்றில் இப்படிச் சொல்லக் கேட்டு, எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் தம் மகனுக்கு ஒரு பழைய மலைச் சைக்கிளை வாங்கி வந்தார். பையன் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கூடத்திற்கு ஆறு கிலோமீட்டர் போகவேண்டும். அதில் பாதி வழி செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் சடக்கு. கடைக்காரர் சொன்னது போலவே எட்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. டயரை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஒன்பதாம் மாதத்தில், பள்ளித் தேர்வு நாளன்று காலையில், செம்பனை மட்டையின் முள் ஒன்று பின் டயரில் ஏறியது. காற்று முழுவதும் இறங்கிவிட்டது. மருந்து என்று சொன்னது ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மாற்று டியூப் இல்லை. ஒட்டுவதற்கு உள்ளே டியூப்பே இல்லை. பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது வினாத்தாள் கொடுத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அன்று மாலை எல்லாருமாகச் சேர்ந்து டயரைப் பிரித்துப் பார்த்தோம். உட்புறம் முழுவதும் மெல்லிய தோல் போல ஏதோ படிந்து கிடந்தது. அடியில் கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று உருண்டைகள். பையனின் பாட்டி முப்பது வருடம் கித்தா மரம் வெட்டியவர். அவர் அந்தத் தோலை நகத்தால் கிள்ளி இழுத்தார்; அது நீண்டது. முகர்ந்து பார்த்தார். “அட, இது நம்ம ஒட்டுப்பாலுல்ல! இதுக்குத்தான் இத்தனை காசு குடுத்தீங்களா?” என்றார்.

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அந்த மருந்தைக் கடைகளில் சீலண்ட் என்கிறார்கள். அதில் சில வகைகள் செயற்கைப் பொருள்களால் ஆனவை. ஆயினும் மிகப் பல வகைகளில் அடிப்படைப் பொருள் கித்தா மரத்தின் பாலேதான். ஆகவே நாம் அதை இந்தப் பேச்சில் டயர்ப்பால் என்றே குறிப்பிடுவோம். பெயர் பழகியதாக இருந்தால் அதன் குணமும் எளிதில் விளங்கும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். விடிவதற்கு முன் வெட்டிய மரத்தில் பால் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டிவிட்டுப் பிறகு நின்றுவிடுகிறது. மரத்தில் பால் தீர்ந்துவிட்டதால் நின்றது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும். அதுவன்று காரணம். பாலுக்குள் ரப்பர்த் துகள்களோடு லூட்டாய்டு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளும் மிதக்கின்றன. வெட்டுவாயில் இந்தப் பைகள் உடைகின்றன. உடைந்ததும் அவற்றின் உள்ளே இருக்கும் பொருள்கள் வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கின்றன. பால் வரும் நுண்ணிய குழாய்களின் வாய் அடைபட்டுப் போகிறது. அதாவது மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. வெட்டுக் கோட்டின் மேல் மறுநாள் காலையில் நாம் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், அந்தக் காயத்தின் மேல் காய்ந்த பொருக்கு என்று கொள்ளலாம். பால் கூடுதலாக வடிய வேண்டுமென்று பட்டையில் எத்தெபோன் மருந்து தடவுகிறார்களே, அது செய்யும் முக்கிய வேலை இந்த அடைப்பைத் தள்ளிப்போடுவதுதான்.

டயரில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. முள் ஏறிய துளை வழியாகக் காற்று வேகமாக வெளியேறுகிறது. அந்தக் காற்றோடு உள்ளே தளும்பிக்கொண்டிருக்கும் பாலும் துளைக்குள் தள்ளப்படுகிறது. நெருக்கமான இடத்தில் பால் உரசுண்டு, காற்றுப் பட்டு, உறைகிறது. டயர்ப்பாலில் கலந்திருக்கும் நுண்ணிய துகள்களும் நார்களும் துளையில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. கல்லும் மண்ணும் போட்டுக் கால்வாய் உடைப்பை அடைப்பது போல, துகள்கள் வழியை மறிக்க, பால் அவற்றைக் கெட்டியாகப் பிணைக்கிறது. சில விநாடிகளில் ஓட்டை அடைந்துவிடும். ஓட்டுகிறவருக்குப் பல வேளைகளில் முள் ஏறியதே தெரியாது. டயரின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும்.

பால் உயிரோடு இருக்கும் வரைதான் இந்த வேலை நடக்கும். மங்கில் விட்ட பால் என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரிந்ததே. வடிந்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பர்த் துகள்கள் ஒவ்வொன்றும் ஒரே வகையான மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி மிதக்கின்றன. பாக்டீரியாக்கள் பாலில் பெருகி அமிலத்தை உண்டாக்கியதும் அந்த விலக்கம் போய்விடுகிறது. துகள்கள் கூடிக் கட்டிப்பால் ஆகிவிடுகிறது. ஆலையில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைப்பதும் இதே விதிப்படிதான். இதற்கு மாற்று அமோனியா. அது பாக்டீரியாவை அடக்கி, பாலைக் காரத்தன்மையில் வைத்திருக்கும். அதனால்தான் பாலாகவே விற்கும் தோட்டங்களில் மங்கிலும் வாளியிலும் அமோனியா விடுவது வழக்கம். டயர்ப்பால் புட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி, நம் முன்னோர் நாள்தோறும் பால் ஸ்டோரில் முகர்ந்த அதே நெடி.

அமோனியா ஆவியாகும் பொருள். டயர் நன்றாக மூடியிருப்பது போலத் தோன்றினாலும், ரப்பர்ச் சுவர் வழியாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் ஓட்டை இல்லாத டயரும் சில வாரங்களில் தளர்கிறது. அந்தக் கசிவோடு நீராவியும் அமோனியாவும் போகின்றன. இடையில் அடைபட்ட ஒவ்வொரு முள் துளையும் சிறிது பாலைச் செலவழிக்கிறது. குளிர்நாடுகளில் ஒரு முறை ஊற்றிய டயர்ப்பால் ஆறு மாதம் வரை தாங்குவதுண்டு. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று பாகை வெயிலில், தகரக் கூரையின் கீழ் நிற்கும் நம் சைக்கிளில் அது இரண்டு அல்லது மூன்று மாதம் நன்றாக இருந்தால் போதும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. அண்டை வீட்டுப் பையனின் டயரில் கடைசிச் சில மாதங்களாகக் கட்டிப்பால்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இடையில் முள் ஏறாமல் இருந்தது அவனுடைய நல்ல காலம். கடைக்காரர் மருந்து ஊற்றியதைச் சொன்னார். மருந்துக்கு ஆயுள் உண்டு என்பதைச் சொல்லவில்லை. நமக்கு அவர்மேல் இருக்கும் குறை அவ்வளவே.

இங்கே ஒரு சிறு வரலாறு. 1877இல் 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்று பலருக்கும் விளங்கவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து காப்புரிமை பெற்றார். உலகெங்கும் சைக்கிள் மோகம் எழுந்தது, ரப்பர் தேவைப்பட்டது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கோடு கித்தாவைப் பயிரிட்டார். மோட்டார் வண்டி பிறகுதான் பரவலானது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதைக்கு ஒரு முனையில் சைக்கிள் டயரும் உண்டு. டியூப் இல்லாத டயர் கார்களுக்கு 1950களிலேயே வந்துவிட்டது. மலைச் சைக்கிள்களுக்கு அதற்கென ஒரு முறையான அமைப்பு 1999இல் வந்தது.

இந்த டயர் எல்லாச் சைக்கிளுக்கும் ஏற்றதா என்றால், இல்லை. நம் வீடுகளில் இருக்கும் கனத்த இரும்புச் சைக்கிளின் ரிம், டியூப்புக்காக அமைந்தது. அதில் ஆரக்கம்பித் துளைகள் திறந்திருக்கும். டயரின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் படியும் இராது. அதில் டியூப்பை எடுத்துவிட்டுப் பால் ஊற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. வளைவில் திரும்பும்போது டயர் ஒரு பக்கம் நெகிழ்ந்து காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விட்டால், விழுகிறவன் நம் பிள்ளை. ரிம், டயர் ஆகிய இரண்டிலும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்றோ அதன் சுருக்கமாக ‘டி.எல்.ஆர்.’ என்றோ எழுதியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் இல்லாவிட்டாலும் டியூப்போடு ஓட்டுவதே சரி.

நம்முடைய எண்ணத்தைக் கேட்டால், தார்ச் சடக்கில் மட்டும் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு டியூப்பும், ஒட்டுப்போடும் பெட்டியும், ஒரு கைப்பம்பும் போதும். செலவும் குறைவு, பிள்ளையே பழுது பார்த்துக்கொள்ளலாம். நாள்தோறும் செம்பனை மட்டைகளுக்கு இடையில் ஓட்டவேண்டியவர்களுக்குத்தான் டயர்ப்பால் உண்மையில் கைகொடுக்கும். செம்பனை முள்ளைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. மட்டையின் அடிப்பகுதி முழுவதும் முள்; வாரத்திற்கு இரண்டு பஞ்சர் என்றால் டியூப் முழுவதும் ஒட்டாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இது வரப்பிரசாதம். ஆனால் பசுவைப் போல அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நேயர்களில் சிலர், “பால் நம்மிடமே இருக்கிறதே, மங்கிலிருந்து எடுத்து ஊற்றினால் என்ன?” என்று கேட்கக்கூடும். பாட்டியும் அதையேதான் கேட்டார். வேண்டாம். மங்குப் பாலில் பாதுகாப்பு மருந்து போதாது; ஒரு நாளைக்குள் உறைந்து ஒரு பக்கம் கட்டியாகத் தங்கிவிடும். சக்கரம் சுற்றும்போது வண்டி ஆடும். பிறகு அழுகி நாறும். கட்டிப்பால் ஏற்றிய லாரியின் பின்னால் போனவர்களுக்கு அந்த நாற்றத்தின் தன்மை தெரியும். தொழிற்சாலையில் பாலைச் சுழற்றி நீரைக் குறைத்து, அறுபது விழுக்காடு ரப்பர் உள்ள பாலாக்கி, அமோனியா சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். டயர்ப்பாலுக்கு அப்படிப் பதப்படுத்திய பாலே தேவை. அதில் எளிதில் காயாமல் இருக்கக் கிளைக்கால் வகைத் திரவமும், அடைப்பதற்கான துகள்களும் அளவறிந்து சேர்க்கப்படுகின்றன.

இனி ஊற்றும் முறை. புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். துகள்கள் அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் ஊற்றினால் தண்ணீர்ப் பால்தான் டயருக்குள் போகும். இருபத்தாறு அங்குலச் சக்கரத்துக்கு 60 முதல் 80 மில்லிலிட்டர், இருபத்தொன்பது அங்குலச் சக்கரத்துக்கு 90 முதல் 120 மில்லிலிட்டர் வரை வேண்டும். வால்வின் உள்ளே இருக்கும் சிறு ஊசியைத் திருகி எடுத்துவிட்டு, ஊசி போடும் குழல் போன்ற பிளாஸ்டிக் குழலால் அந்த வழியாகவே பாலை ஏற்றலாம். டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. பிறகு காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றி, இரு பக்கமும் சாய்த்து ஆட்டி, பால் எல்லா இடத்திலும் படியச் செய்ய வேண்டும்.

புதிதாகப் பொருத்திய டயர் ரிம்மில் உட்காரும்போது ‘டப், டப்’ என்று சத்தம் கேட்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். ஓரத்தில் சவர்க்கார நீர் தடவினால் எளிதில் உட்காரும். அஞ்ச வேண்டியது வேறொன்று. டயர் உட்காரவில்லையே என்று பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயில் வைத்து மேன்மேலும் அழுத்தத்தை ஏற்றக்கூடாது. ரிம்மிலும் டயரிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. அகலமான மலைச் சைக்கிள் டயரில், நடுத்தர எடையுள்ளவர் ஓட்டுவதற்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும், கிலோபாஸ்கலில் சொன்னால் 170 முதல் 200 வரை. காற்று குறைவாக இருக்கிறதே என்று கல்லாக்கிவிட வேண்டாம்.

பால் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? சக்கரத்தைக் கழற்றிக் காதருகில் வைத்து ஆட்டினால் தளதளவென்று ஒலி கேட்க வேண்டும். அதைவிட உறுதியான வழி நம் வீட்டு விளக்குமாற்றிலேயே இருக்கிறது. வால்வு மேற்பக்கமாக நிற்கச் சக்கரத்தைச் சுற்றி நிறுத்திக் காற்றை மெதுவாக விடவேண்டும். வால்வு அடியில் இருக்கும்போது திறந்தால் பால் பீறிட்டு முகத்தில் அடிக்கும். காற்று முழுவதும் இறங்கியபின் உள் ஊசியைக் கழற்றி, வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து, சில நிமிடம் பால் கீழே சேர விட்டு, ஓர் ஈர்க்குச்சியை வால்வின் வழியே மேல்நோக்கி நுழைத்துப் பார்க்க வேண்டும். நுனி வெள்ளையாக நனைந்து வந்தால் பால் உயிரோடு இருக்கிறது. காய்ந்து வந்தாலோ, பிசுபிசுவென்று நூல் இழுத்து வந்தாலோ புதுப்பால் ஊற்றும் காலம் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். பால் ஊற்றிய தேதியை ஒரு தாளில் எழுதி ஆரக்கம்பியில் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். அண்டை வீட்டுப் பையனின் வண்டியில் இப்போது அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. தேதியை எழுதியது பாட்டியின் கட்டளை.

இரண்டு மூன்று முறை மேல்நிரப்பு ஊற்றியபின் டயரைப் பிரித்து, காய்ந்த தோலை உரித்தெடுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் ஒட்டுப்பால் போலவே நீளமாக உரிந்து வரும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட நேர்த்தியாக உரிப்பார். வால்வின் துளையில் உறைந்த பால் அடைத்துக்கொள்வதும் வழக்கம். காற்று ஏறவில்லை என்றால் பம்பின்மேல் பழி போடுமுன் அந்த உள் ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். வேறு வேறு பெயருள்ள டயர்ப்பால்களை ஒன்றாகக் கலக்கக்கூடாது. சில ஒன்றோடொன்று சேர்ந்தவுடன் கட்டியாகிவிடும். கரியமில வாயு அடைத்த சிறு குப்பியால் காற்றேற்றுவதும் சிலவகைப் பாலை உறைய வைத்துவிடும், கைப்பம்பே நல்லது.

வழியில் முள் ஏறியது தெரிந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டாம். துளை அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்தினால் பால் அங்கே சேரும். அப்போது முள்ளை இழுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் வெள்ளையாகக் கொப்பளித்து நின்றுவிடும். பிறகு காற்றைச் சரிபார்த்துக்கொண்டு போகலாம். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிழிசலைப் பால் அடைக்காது. அதற்கு ரப்பர் திரி செருகவேண்டும். கார் டயர்க் கடைகளில் செருகுவதன் சிறிய வடிவம் அது. டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அதை நம்பி ஓட்டுவதற்கில்லை.

ஆகையால் டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்களும் ஒரு டியூப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் அன்று அந்தப் பையனின் பையில் ஒரு டியூப் இருந்திருந்தால் கால்மணி நேரத்தில் கிளம்பியிருப்பான். டியூப்பை உள்ளே வைக்குமுன் ஒன்றை மறக்கக்கூடாது. பால் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் பல இன்னும் டயரில் குத்தியபடியே இருக்கும். அவற்றை எடுக்காமல் டியூப்பை வைத்தால் அதே இடத்தில் மீண்டும் பஞ்சர். ஒரு துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் துடைத்துப் பாருங்கள். முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இந்தப் பால் துணியில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் அலசிவிட வேண்டும். காய்ந்துவிட்டால், பால் வெட்டுச் சட்டையில் படிந்த கறையைப் போல, சட்டையின் ஆயுள் வரை இருக்கும். வீட்டுக்குள் கதவடைத்துக்கொண்டு ஊற்றாமல் வாசலில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருந்தகத்துக்குப் போகவேண்டும். ரப்பர்ப் பால் பட்டால் உடம்பு தடிக்கும் சிலர் உண்டு. அவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. மிச்சப் பாலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கக்கூடாது. சிறு பிள்ளை அதைப் பால் என்றே எண்ணிக் குடித்துவிடும்.

தேய்ந்த டயரை லயத்தின் பின்புறம் எறிந்துவிடுவதும் வேண்டாம். மழைநீர் தேங்கினால் டிங்கிக் கொசு அதில் முட்டையிடும். நான்கைந்து இடத்தில் துளை போட்டோ, துண்டாக அறுத்தோ நீர் நிற்காதபடி செய்துவிடுங்கள்.